14, 8, 2: மூவரையும் ஒரே கப்பலில் கூட்டிப் போகலாமா?

கேள்வி: எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்த மகளுக்கு 14 வயது, மகனுக்கு 8, கடைக்குட்டிக்கு இப்போதுதான் 2 முடிந்தது. மே விடுமுறையில் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போய், அங்கிருந்து பினாங்கு வரை போய்வரும் சொகுசுக் கப்பலில் நான்கு நாள் போகலாம் என்று கணவர் ஆசைப்படுகிறார். ஐந்து பேரும் ஒரே அறையில், எந்நேரமும் சேர்ந்தே இருக்க வேண்டும், இல்லையென்றால் எதற்குக் குடும்பமாகப் போவது என்கிறார். மகளோ, "நாள் முழுக்க தங்கச்சியைத் தூக்கிக்கிட்டுத் திரியணும்னா நான் வரலை, பாட்டி வீட்டுல இருந்துக்கிறேன்" என்கிறாள். சின்னவளோடு அறைக்குள் அடைந்து கிடக்கவா இவ்வளவு செலவு என்று எனக்கும் தோன்றுகிறது. போகலாமா, வேண்டாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகப் போகலாம். ஆனால் உங்கள் கணவர் நினைத்திருக்கும் விதத்தில் போனால், மகள் சொன்னதும் நடக்கும், நீங்கள் பயப்படுவதும் நடக்கும். அவர் ஆசையில் தவறில்லை. வேலை, பள்ளி, டியூஷன் என்று வருடம் முழுக்க ஆளுக்கொரு பக்கம் ஓடுகிற குடும்பத்தில் நான்கு நாளாவது பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்று ஒரு அப்பா நினைப்பது நல்ல விஷயம்தான். ஆனால் ஊட்டிக்கு வேன் எடுத்துப் போகிற மாதிரி இதைத் திட்டமிடக் கூடாது. வேனில் ஒருவர் இறங்கினால் எல்லோரும் இறங்கியாக வேண்டும். கப்பலில் ஐந்து பேரும் ஐந்து இடத்தில் இருக்கலாம், கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் ஒரே மேஜைக்கு வந்துவிடலாம். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குக் கப்பல் பொருந்துவதே இந்த ஒரு காரணத்தால்தான். அதை விட்டுவிட்டுப் பதினாலு வயதுப் பெண்ணையும் இரண்டு வயதுக் குழந்தையையும் ஒரே குளத்தருகே உட்கார வைத்தால் இருவருக்கும் கொடுமை.

அதனால் நான் சொல்வது இது: இரவுச் சாப்பாடு ஐந்து பேரும் சேர்ந்து, பினாங்கில் இறங்கும் நாள் ஐந்து பேரும் சேர்ந்து. மற்ற நேரமெல்லாம் அவரவர் வயதுக்கு ஏற்றபடி. இதைக் கிளம்பும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிடுங்கள்.

முதலில் அறை. நீங்கள் ஐந்து பேர். பெரும்பாலான கப்பல்களில் சாதாரண அறையில் நான்கு பேருக்குத்தான் இடம். "சின்னது எங்களோடயே படுத்துக்கும்" என்று சொல்லிப் பயனில்லை. உயிர்காப்புப் படகில் தலைக்கு ஓர் இடம் என்பதால், கைக்குழந்தையும் கணக்கில் ஓர் ஆள். ஐந்து பேர் தங்கும் குடும்ப அறைகள் ஒரு கப்பலில் கொஞ்சம்தான் இருக்கும், அவை சீக்கிரம் போய்விடும். இல்லையென்றால், உள்ளே கதவு வைத்த அடுத்தடுத்த இரண்டு அறைகளைக் கேளுங்கள். வெறுமனே பக்கத்து அறை என்று வாங்கினால் வராந்தா வழியாகத்தான் போய்வர வேண்டும். என்னைக் கேட்டால், உங்களுக்கு இந்த இரண்டு அறைதான் நல்லது. மகளுக்கு உடை மாற்றவும் கதவைச் சாத்திக்கொள்ளவும் ஓர் இடம் வேண்டிய வயது. குளியலறையும் இரண்டு கிடைக்கும். பல நிறுவனங்கள் ஒவ்வோர் அறைக்கும் ஒரு பெரியவர் பெயரைக் கேட்பார்கள். அது பதிவுக்காக, உள்ளே எப்படி வேண்டுமானாலும் பிரித்துப் படுக்கலாம். கூரையிலிருந்து இறக்கும் மேல் கட்டில் மகனுக்குக் கொண்டாட்டமாக இருக்கும், ஆனால் சின்னவளை அதில் ஏற விடாதீர்கள். அவளுக்குத் தொட்டில் கட்டில் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே சொல்லி வையுங்கள்.

ஓர் அறையாவது பால்கனியோடு இருந்தால் நல்லது. குழந்தை எட்டு மணிக்குத் தூங்கிவிடும், விளக்கை அணைக்க வேண்டும். அப்புறம் நீங்கள் எங்கே உட்காருவீர்கள்? பால்கனி இருந்தால் கதவைச் சாத்திவிட்டு இருவரும் கடலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கலாம். பணம் இடிக்கிறது என்றால் ஜன்னல் இல்லாத உள் அறையும் மோசமில்லை, பகலிலும் கும்மிருட்டாக இருப்பதால் குழந்தை நன்றாகத் தூங்கும். பால்கனி எடுத்தால் ஒன்று கவனம். அங்கிருக்கும் நாற்காலியைக் கைப்பிடிக் கம்பியிலிருந்து தள்ளியே வையுங்கள். குழந்தை விழித்திருக்கும்போது அந்தக் கதவு பூட்டியே இருக்கட்டும்.

இப்போது கடைக்குட்டி. கப்பல் எது என்பதை அவளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பிள்ளைகளை விளையாட வைத்துப் பார்த்துக்கொள்ளும் குழந்தைகள் மன்றம் இலவசம் என்று விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். அது பொதுவாக 3 வயது முடிந்து, டயப்பர் இல்லாமல் இருக்கும் பிள்ளைகளுக்கு. உங்கள் மகளைச் சேர்க்க மாட்டார்கள். ராயல் கரீபியன் நிறுவனத்தின் பல கப்பல்களில் 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு நர்சரி உண்டு, மணிக்கணக்கில் கட்டணம். நீங்கள் பார்க்கும் கப்பலில் அது இருக்கிறதா என்று ஏஜென்ட்டிடம் கேளுங்கள். இருந்தால் இரண்டு நாள் மாலை நேரமாவது அவளை அங்கே விடுங்கள். இடம் குறைவு என்பதால் ஏறிய அன்றே பெயர் கொடுத்துவிட வேண்டும்.

குளத்திலும் இதே சிக்கல். டயப்பர் போடும் குழந்தையைப் பெரிய குளத்திலோ வெந்நீர்த் தொட்டியிலோ இறக்க விட மாட்டார்கள். நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும் இதே விதிதான். சுகாதாரத்துக்காக வைத்த விதி, கெஞ்சினாலும் நடக்காது. சின்னக் குழந்தைகளுக்கென்று தண்ணீர் பீய்ச்சும் தனிப் பகுதி சில கப்பல்களில்தான் இருக்கிறது. அது இருக்கிற கப்பலாகப் பாருங்கள். இல்லையென்றால் அண்ணன் குதித்து விளையாடுவதைக் கரையில் நின்று பார்த்துப் பார்த்து இவள் அழுவாள். உயிர்காப்பாளர் எல்லாக் கப்பலிலும் இருப்பார் என்று நம்ப வேண்டாம். தண்ணீரருகே யாராவது ஒரு பெரியவர் போனைப் பார்க்காமல் நிற்க வேண்டும்.

அந்தப் பெரியவர் எப்போதும் நீங்களாகவே இருக்கக் கூடாது, சகோதரி. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் வீடுகளில் சுற்றுலா போனால் அப்பா வேலைக்கு லீவு போடுகிறார், அம்மாவுக்கு மட்டும் அதே வேலை வேறு ஊரில் நடக்கிறது. காலை முழுக்கக் குழந்தை அவரிடம், மாலை முழுக்க உங்களிடம், மறுநாள் மாற்றி என்று ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை மதியம் தூங்கும்போது அறையில் இருக்க வேண்டியவரும் தினம் மாறட்டும். எந்நேரமும் பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்று அவரே ஆசைப்படுகிறார் அல்லவா, இரண்டு வயது மகளோடு தனியாக அரை நாள் இருந்து பார்க்கட்டும். அவருக்கே பிடிக்கும்.

மூத்தவள் கேட்பதும் இதே நியாயம்தான். தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவள் தலையில் கட்டாதீர்கள். ஒரு நாள் ஒரு மணி நேரம் கேட்டால் சந்தோஷமாகச் செய்வாள், அதுவும் கேட்டுத்தான். பெரிய கப்பல்களில் 12 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்குப் பெற்றோர் நுழையாத தனி மன்றம் இருக்கும். முதல் நாள் மாலை நடக்கும் அறிமுகக் கூட்டத்துக்கு எப்படியாவது அனுப்பிவிடுங்கள். நட்பெல்லாம் அன்றைக்கே சேர்ந்துவிடும், மூன்றாம் நாள் போய் நின்றால் ஓரமாகத்தான் நிற்க வேண்டியிருக்கும். சுதந்திரம் கொடுக்கும்போது சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள். யார் கூப்பிட்டாலும், வயதில் சின்னவர்களாக இருந்தாலும், கப்பல் ஊழியராக இருந்தாலும் இன்னொருவர் அறைக்குள் போகக் கூடாது. யாராவது சங்கடப்படுத்தினால் உடனே உங்களிடம் வர வேண்டும், திட்ட மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரவு எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதை அவளையும் கேட்டு முடிவு செய்யுங்கள். நடுக்கடலில் சாதாரண சிக்னல் கிடையாது. கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் போன் தானாகச் சேர்ந்துகொண்டால் பில் எகிறிவிடும். அதனால் கப்பலில் ஏறியதுமே எல்லோருடைய போனையும் 'ஏர்பிளேன் மோடு'க்கு மாற்றிவிட வேண்டும். பல நிறுவனங்களின் செயலியில் கப்பலின் உள் வைஃபை மூலம் குடும்பத்துக்குள் செய்தி அனுப்பலாம். அறைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டி "8 மணி வரை மேல் தளம்" என்று எழுதி வைப்பதும் நன்றாகவே வேலை செய்யும்.

எட்டு வயதுக்காரனைப் பற்றிக் கவலையே வேண்டாம், கப்பல் அவன் வயதுக்கென்றே கட்டியது. ஒன்றே ஒன்று: இப்போதே சுவரோடு நிற்க வைத்து உயரத்தை அளந்து பாருங்கள். ராயல் கரீபியன் கப்பல்களில் இருக்கும் செயற்கை அலைச்சறுக்கில் படுத்தபடி போக 52 அங்குலம், நின்று போக 58 அங்குலம் வேண்டும். எட்டு வயதுப் பையன்கள் பலர் அதற்கு ஓரிரு அங்குலம் கீழே இருப்பார்கள். வீட்டிலேயே தெரிந்துவிட்டால் ஏமாற்றம் சின்னதாக முடியும். அங்கே வரிசையில் நின்ற பிறகு தெரிந்தால் அன்றைய நாளே போச்சு.

பாதுகாப்பு ஒத்திகையைத் தட்டிக்கழிக்காதீர்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதியபோது, அன்று ஏறியிருந்த பயணிகள் பலருக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ ஒத்திகையை முடிக்க வேண்டும் என்று சர்வதேச விதியை மாற்றினார்கள். குழந்தைகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் தனி அளவில் உயிர்காப்பு உடை வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. உங்கள் அறை அலமாரியைத் திறந்து பாருங்கள். பெரியவர் அளவு மட்டும் இருந்தால் அறை ஊழியரிடம் கேட்டு மகனுக்கும் சின்னவளுக்கும் அவரவர் அளவை வாங்கி, ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிள்ளைகள் கையில் கட்டும் பட்டையில், ஆபத்து நேரத்தில் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்ற எண் இருக்கும். அதைக் கப்பலை விட்டு இறங்கும் வரை கழற்றக் கூடாது.

வாந்தி, தலைசுற்றல் பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம். நீங்கள் போகும் மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலாய்த் தீபகற்பம். அதனால் திறந்த கடல் அளவுக்குக் கப்பல் ஆடாது. ஆனாலும் 2 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் வரும். மாத்திரை வயதுக்கு வயது மாறும் என்பதால் உங்கள் குழந்தை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் அறை கிடைத்தால் ஆட்டம் குறைவு.

பெட்டி கட்டும்போது ரைஸ் குக்கர், மின்சாரக் கெட்டில், இஸ்திரிப்பெட்டி மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தீ அபாயம் என்று ஏறும் இடத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சமைத்த சாப்பாட்டையும் அனுமதிக்க மாட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் இந்தியச் சைவ உணவு கிடைக்கும், சின்னவளுக்குக் குழைந்த சாதமும் தயிரும் வேண்டும் என்று முதல் நாளே உணவக மேலாளரிடம் சொல்லிவிடுங்கள். பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் ஒப்படைத்தால் அறைக்கு வந்து சேர மாலை ஆகலாம். ஆகவே டயப்பர், மருந்து, ஒரு செட் துணி, நீச்சல் உடை கைப்பையிலேயே இருக்கட்டும். அறையில் பெரும்பாலும் ஷவர் மட்டும்தான், குழந்தையைக் குளிப்பாட்ட ஒரு பிளாஸ்டிக் மக் எடுத்துப் போங்கள்.

பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனிலேயே, ஸ்வெட்டன்ஹாம் துறையில் நிற்கும். பேருந்துச் சுற்றுலாவுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. நடந்தே லிட்டில் இந்தியா போய்விடலாம், 1833-ல் கட்டிய மகா மாரியம்மன் கோயிலும் அங்கேதான். வெயில் கொளுத்தும், தள்ளுவண்டியும் தொப்பியும் மறக்காதீர்கள். திரும்பி ஏற வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே துறைக்கு வந்துவிடுங்கள், தாமதித்தால் கப்பல் காத்திருக்காது.

கடைசியாகக் காகிதங்கள். சிங்கப்பூரில் ஏறி மலேசியா போய்த் திரும்புவது, சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைவதாகக் கணக்கு. எனவே ஐந்து பேருக்கும் பலமுறை நுழையும் விசாவா என்று பார்த்து வாங்குங்கள். மலேசியாவுக்கு அந்த நேரத்தில் என்ன விதி என்பதையும் அவர்கள் அரசுத் தளத்திலேயே சரிபார்த்துவிடுங்கள். பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்ல வேண்டும். நம் பெரியவர்கள் பாஸ்போர்ட் பத்து வருடம், பிள்ளைகளுடையது பெரும்பாலும் ஐந்தே வருடம். உங்கள் மகனுடையது எப்போது எடுத்தது என்று இந்த வாரமே பீரோவிலிருந்து எடுத்துப் பாருங்கள்.