கூலிக்கு நெய்தவரின் பக்தி

கேள்வி: காஞ்சிபுரத்தில் 40 ஆண்டுகளாகக் குழித்தறியில் பட்டுப் புடவை நெய்து வருகிறேன். கண் மங்கிவிட்டதால் இனி அதிக நாள் நெய்ய முடியாது. என் மனைவி பிரதோஷம் தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். எனக்கு விரதமும் இல்லை, ஜபமும் இல்லை. தறியில் உட்கார்ந்திருக்கும்போதும் வாங்கிய கடனும் வரவேண்டிய கூலியுமே மனத்தில் ஓடின. அண்மையில் ஒரு விழாவில் "தொழிலே தெய்வம்" என்று சொல்லி எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அது மனத்தில் ஒட்டவில்லை. இத்தனை காலத்தில் நான் இறைவனுக்கு என்ன செய்தேன்? இனியாவது விரதம் தொடங்கலாமா?
— காஞ்சிபுரம் வாசகர்

பதில்: அந்த வாசகம் உங்கள் மனத்தில் ஒட்டாததில் வியப்பில்லை. மேடையில் அதைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் குழியில் காலை இறக்கி ஒரு முழம்கூட நெய்தவர்கள் அல்லர். அதை விட்டுவிட்டு, உங்கள் தொழிலையே செய்த ஒருவரைப் பார்ப்போம்.

அறுபத்துமூவரில் ஒருவரான நேச நாயனார் காம்பீலி நகரில் வாழ்ந்த நெசவாளர். 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார், இவருடைய வரலாற்றை விரல்விட்டு எண்ணக்கூடிய பாடல்களில் முடித்துவிடுகிறார். இவர் கண்ணப்பரைப்போல் கண்ணைப் பெயர்த்து அப்பவில்லை. உங்கள் ஊர்த் திருக்குறிப்புத் தொண்டரைப்போல் துவைகல்லில் தலையை மோதவும் இல்லை. இறைவன் வேடமிட்டு வந்து இவரைச் சோதித்ததாகவும் செய்தி இல்லை. மனத்தைச் சிவன் திருவடியிலும் நாவை ஐந்தெழுத்திலும் வைத்து, அடியார்களுக்கு ஆடையும் கீளும் (இடுப்பில் கட்டும் துணிப்பட்டை) கோவணமும் நெய்து கொடுத்துவந்தார், இறைவனடி சேர்ந்தார். கதை அவ்வளவுதான். சொல்வதற்கு ஒரு சம்பவம்கூட இல்லாத வாழ்க்கைக்கும் நாயன்மார் வரிசையில் இடம் இருக்கிறது என்பதே இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

"அவர் அடியாருக்குக் கொடுத்தார், நான் கூலிக்கு நெய்தேன்" என்று நீங்கள் மறுக்கலாம். நியாயமான மறுப்புதான். ஆனால் காசியில் வாழ்ந்த பக்திக் கவிஞர் கபீரும் நெசவால் பிழைத்தவர்தாம். அதற்காக அவருடைய பக்தியை எவரும் குறைத்து எடைபோடவில்லை. கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நிறமும் கரைகளுக்கு வேறு நிறமுமாக, ஊடை எனும் குறுக்கு நூலைச் சுமந்து மூன்று நாடாக்கள் ஓட, கரை ஊடையும் உடல் ஊடையும் ஓட்டத்துக்கு ஓட்டம் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதில் ஓரிடத்தில் கை சோர்ந்தாலும், விலை பேசும்போது அது எவர் கண்ணிலும் படாமல் போகலாம். முகம் தெரியாத ஒரு பெண் கட்டப்போகும் புடவையில், யாரும் உற்றுப் பார்க்காத அந்தப் பிணைப்பை நீங்கள் ஒழுங்காகப் போட்டிருக்கிறீர்கள் என்றால், அந்நேரம் மனத்தில் கடன் ஓடியது என்பதற்காக அது இறைவனுக்கு எட்டாமல் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை. நேசருடைய மனவொருமை எல்லோருக்கும் வாய்க்காது. வட்டி கட்ட வேண்டியவருக்கு வாய்ப்பது அரிதினும் அரிது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். உழைப்பைப் புனிதமாக்கிப் பேசுவது பல நேரங்களில் உழைப்பவருக்குக் கூலியைக் குறைத்துக் கொடுக்க வசதியாக இருந்திருக்கிறது. இன்ன குலத்தில் பிறந்தவன் இன்ன வேலையைத்தான் செய்ய வேண்டும் என்று கட்டிப்போடவும் அது உதவியிருக்கிறது. உரிய கூலியை நீங்கள் கேட்டது பக்திக் குறைவு ஆகாது. உங்கள் பிள்ளைகள் தறியை விட்டு வேறு வேலைக்குப் போனால் அதுவும் தெய்வக் குற்றம் ஆகாது.

விரதத்துக்கு வருகிறேன். உடம்பு இடம் கொடுத்தால், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு தாராளமாகத் தொடங்குங்கள். அடுத்த பிரதோஷத்துக்கு உங்கள் மனைவியோடு நீங்களும் போய் வாருங்கள். அவருக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் தறியில் கழிந்த 40 ஆண்டுகளுக்குப் பரிகாரம் என்று நினைத்து மட்டும் அந்த விரதத்தை இருக்காதீர்கள்.