வைத்தியர் பதில்: நடைப்பயிற்சி மறதிநோயைத் தடுக்குமா?

வெள்ளவத்தை வாசகிக்கு,

61 வயதாகும் உங்கள் கணவருக்குப் பெயர்கள் மறந்துபோகின்றன, நடைப்பயிற்சி மறதிநோயைத் தடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், நினைவாற்றலுக்கென்று விற்கப்படும் ஜின்கோ என்ற மூலிகைக் குளிசையின் விலைக்கும் மகள் போகும் உடற்பயிற்சி நிலையத்துக்கும் இடையில், போகிற போக்கில் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாரங்களுக்கு முன்னர் மெரைன் டிரைவில் நடந்துவிட்டு வந்த உங்கள் கணவரின் வலது கையிலிருந்து தேநீர்க் கோப்பை நழுவி விழுந்தது. என்ன என்று கேட்டபோது அவருக்கு வார்த்தைகள் குழறின. பத்து நிமிடங்களில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டதால், நடந்த களைப்பு என்று எண்ணி இரண்டு பனடோல் கொடுத்துப் படுக்க வைத்தீர்கள். அதைக் களைப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. மூளையின் ஒரு பகுதிக்குச் செல்லும் குருதி சிறிது நேரம் தடைப்பட்டு மீண்டும் ஓடும்போது இப்படித்தான் நிகழும். இதைத் தற்காலிகப் பாரிசவாதம் என்கிறோம். பதில் அச்சாகும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால், ஆசிரியபீடத்தினூடாக உங்களுக்கு ஏற்கெனவே தொலைபேசியில் அறிவித்துவிட்டேன். இங்கே எழுதுவது மற்ற வீடுகளுக்காகவும்தான்.

உடனே சரியாகிவிட்டது என்பதுதான் பலரையும் ஏமாற்றுகிறது. இத்தகைய சம்பவத்தின் பின்னர் முழுமையான பாரிசவாதம் வரும் அபாயம் முதல் இரண்டு நாட்களில் மிக அதிகமாக இருக்கும். பின்னர் குறைந்தாலும் வாரக்கணக்கில் நீடிக்கும். எனவே முதல் நாட்கள் நல்லபடியாகக் கழிந்தன என்பது பரிசோதனையைத் தள்ளிப்போடக் காரணமாகாது. களுபோவில போதனா வைத்தியசாலையோ கொழும்பு தேசிய வைத்தியசாலையோ, எதுவானாலும் உடனே அழைத்துச் செல்லுங்கள். மூளை ஸ்கான், கழுத்து நாடிகளின் ஸ்கான், இதயத் துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும் ஈசிஜி, சீனி மற்றும் கொழுப்புக்கான குருதிப் பரிசோதனைகள் ஆகியவை அவருக்குத் தேவைப்படும். மறுபடியும் முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, சரியாகிறதா என்று பார்த்துக்கொண்டிராமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாகவே வரும். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலங்களுக்குள் கொடுக்க வேண்டியிருப்பதால், அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே அஸ்பிரின் கொடுக்க வேண்டாம். நடந்தது அடைப்பா, குருதிக் கசிவா என்பது ஸ்கான் எடுக்காமல் எவருக்கும் தெரியாது. கசிவாக இருந்தால் அந்த அஸ்பிரினே ஆபத்தாகிவிடும்.

இனி உங்கள் உண்மையான அச்சத்துக்கு வருகிறேன். மறதிநோயால் பாதிக்கப்பட்ட மாமியை ஒன்பது ஆண்டுகள் நீங்களே பராமரித்திருக்கிறீர்கள். அதே சுமை கணவராலும் வந்துவிடுமோ என்று அஞ்சுகிறீர்கள். அந்த அச்சத்தை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பழைய சக ஊழியரின் பெயர் உடனே வாயில் வராமல் இரவில் நினைவுக்கு வருவதும், திறப்பை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவதும் 61 வயதில் சாதாரணம். முதுமையில் தாய்க்கு வந்த மறதிநோய் மகனுக்கும் கட்டாயம் வரும் என்பதும் இல்லை. பல ஆண்டுகளாக நடந்த ஒழுங்கையில் வழி தவறுவது, ஒரே கேள்வியைச் சற்று நேரத்திலேயே திரும்பத் திரும்பக் கேட்பது, வழக்கமாகச் செலுத்தும் மின்கட்டணத்தைக் கையாளத் தெரியாமல் திணறுவது என்று எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. ஐம்பதைக் கடந்தால் மூளை சுருங்கிவிடும் என்று மிரட்டும் காணொளிகளைத் தயவுசெய்து பார்க்காதீர்கள்.

இந்த வயதில் நடந்து என்ன பயன் என்று மகள் கேட்பது சரியல்ல. நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 20 முதல் 67 வயது வரையான, அதிகம் உடற்பயிற்சி செய்யாத 132 பேரை ஆறு மாதங்கள் அவதானித்து 2019 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூச்சு வாங்கும் அளவுக்குப் பயிற்சி செய்தவர்களுக்குத் திட்டமிடும் திறனும் கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் திறனும் மேம்பட்டன. வயது கூடியவர்களிடம் அந்த மேம்பாடு கூடுதலாகவே இருந்தது. நினைவாற்றலில் மட்டும் அத்தகைய மாற்றம் தெரியவில்லை. முதியவர்கள் 120 பேரைக் கொண்டு செய்யப்பட்டு 2011 இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், வாரம் மூன்று நாட்கள் 40 நிமிடங்கள் வீதம் ஓராண்டு நடந்தவர்களுக்கு, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகம்பஸ் என்ற மூளைப்பகுதி ஏறத்தாழ 2 வீதம் பெருத்திருந்தது. ஆயினும் நினைவுச் சோதனையில் அவர்களுக்கும், உடலை நீட்டி மடக்கும் பயிற்சிகளை மட்டும் செய்தவர்களுக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. எனவே நடந்தால் மறந்த பெயர்கள் திரும்பி வரும் என்று நான் சொல்லமாட்டேன். மூளை சுறுசுறுப்பாக இயங்க நடை உதவும், அதற்கு 61 பிந்திய வயதல்ல என்பதைத் தயக்கமின்றிச் சொல்வேன்.

வைத்தியர் அனுமதித்த பின்னர், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில், வாரத்துக்கு 150 நிமிடங்கள் அவர் நடக்கட்டும்; அதுவரை வேக நடை வேண்டாம். உங்களுடன் இருக்கும் 74 வயது அக்காவுக்கு மெரைன் டிரைவ் கட்டாயமில்லை. கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பது போன்ற பயிற்சிகள், விழுந்து இடுப்பெலும்பு முறியாமல் காக்க அவருக்கு அவசியம்.

என்னை உண்மையிலேயே கோபப்படுத்தியது வேறொன்று. தினமும் நடந்தால் பிரஷர் குளிசை தேவையில்லை என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி, உங்கள் கணவர் நான்கு மாதங்களாகக் குளிசையை நிறுத்தியிருக்கிறார். நடை குருதி அமுக்கத்தைச் சில புள்ளிகள் குறைக்கும். அவருக்கு இருந்த அளவை அதனால் மட்டும் கட்டுக்குள் வைத்திருக்க முடியாது. நடுத்தர வயதின் உயர் குருதி அமுக்கம் பாரிசவாதத்துக்கு மட்டுமன்றி மறதிநோய்க்கும் வழிவகுக்கிறது. லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024 இல் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 காரணிகளில் உடலுழைப்பின்மையும் இருக்கிறது, உயர் குருதி அமுக்கமும் இருக்கிறது. ஒன்றைச் சீராக்குவதற்காக மற்றொன்றைக் கைவிட்டிருக்கிறார். நிறுத்திய குளிசையை நீங்களாகவே மீண்டும் தொடங்கிவிடாமல், அட்டையோடு வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்; அளவை அவர் தீர்மானிப்பார்.

ஜின்கோவை இன்றே நிறுத்துங்கள். 3,000க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் ஆறு ஆண்டுகளளவில் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வில் அது மறதிநோயைத் தடுக்கவில்லை. அஸ்பிரின் போன்ற மருந்துகளோடு சேரும்போது குருதிக் கசிவை அதிகரிக்கக்கூடும் என்ற ஐயமும் உண்டு. அப்படிப்பட்ட மருந்து உங்கள் கணவருக்கு இப்போது தேவைப்படலாம். கைத்தொலைபேசியில் சொல் விளையாட்டு விளையாடுவதால் கெடுதல் எதுவும் இல்லை, விருப்பமிருந்தால் தொடரட்டும்.

கடிதம் முழுவதிலும் உங்கள் உடல்நிலை பற்றி ஒரு வரியும் இல்லை. உங்களுக்கும் 56 வயதாகிறது. கணவரை அழைத்துச் செல்லும் நாளில் உங்கள் குருதி அமுக்கத்தையும் சீனியையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.