கூடிப் பேசி என்ன ஆகும்? – கடிதம்

அன்புள்ள சார்,

என் தம்பிக்கு 38 வயது. போதை மீட்பு மையத்தில் 28 நாள் இருந்துவிட்டுப் போன மாதம் வீட்டுக்கு வந்தான். அங்கே சொல்லி அனுப்பியபடி வாரம் மூன்று நாள் 'ஏஏ கூட்டம்' (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்; குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் அமைப்பாம்) என்று சாயங்காலம் கிளம்பிவிடுகிறான். திரும்பி வர ஒன்பதரை ஆகிறது. நாலு குடிகாரர்கள் கூடிப் பழைய கதை பேசினால் குடி நின்றுவிடுமா? சேர்ந்து குடிக்கத்தானே போவார்கள்? பிரார்த்தனை வேறு உண்டாம். மன உறுதி இருந்தால் இதெல்லாம் எதற்கு? கூட்டத்தை நிறுத்திவிட்டு, தெரிந்தவர் கொடுத்த மாத்திரையைச் சாம்பாரில் கலந்து கொடுத்துப் பார்க்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள். இன்றே. குடியை நிறுத்த டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை உண்டு. மருத்துவர்கள் அதை நோயாளியிடம் விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் கொடுப்பார்கள். அது உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவன் ஒரு கட்டிங் போட்டால் மூச்சு முட்டும், ரத்த அழுத்தம் சரியும், உயிரே போகலாம். உங்களிடம் இருப்பது அதுதானா என்பதே உங்களுக்குத் தெரியாது. 28 நாள் நடுங்கிக் கிடந்து மீண்டவன் இனி அக்கா போடும் சோற்றையும் சந்தேகப்பட வேண்டுமா?

பிரார்த்தனையை விடுங்கள். குடியிலிருந்து மீள ஏஏ வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் 'நாம் புரிந்துகொண்ட விதத்தில் கடவுள்' என்றுதான் இருக்கிறது. நம்பிக்கை இல்லாதவர்களும் போகிறார்கள். சேர்ந்து குடிப்பார்களா என்றால், சிலர் வழுக்கி விழுவார்கள்தான். விழுந்தவன் மறுநாள் தலை குனியாமல் வந்து உட்கார அந்த ஒரு இடம்தான் இருக்கிறது.

ஆனால் 'மன உறுதி' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. கொஞ்ச நாளாகவே இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கார்த்திகையில் மாலை போட்ட குடிநோயாளியைப் பாருங்கள். ஒரு மண்டலம் சொட்டுத் தொடமாட்டான். டாஸ்மாக் வாசல் வழியாகவே வேலைக்குப் போய் வருவான். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கே பழைய ஆளாகிவிடுவான். உறுதி ஒரே ராத்திரியில் எங்கே போயிற்று? மாலை போட்டிருந்தபோது தெருவே அவனைச் சாமி என்றது. குருசாமி இருந்தார், சாயங்காலமானால் பஜனை இருந்தது, பக்கத்தில் அவனைப் போலவே விரதம் இருக்கிற பத்துப் பேர் இருந்தார்கள். மாலையோடு அத்தனை பேரும் கழன்று போனார்கள். அவனைத் தாங்கிப் பிடித்தது அந்தப் பத்துப் பேர் என்றுதான் நான் நினைக்கிறேன். நாமோ அவர்களைக் கலைத்துவிட்டு, தனியாக நிற்பவனைப் பார்த்து உறுதி இல்லாதவன் என்கிறோம்.

ஏஏ பிறந்ததும் இப்படித்தான். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் ஒரு ஹோட்டல். வந்த வியாபாரம் கைகூடாமல், பின்னால் ஏஏ-வைத் தொடங்கிய பில் வில்சன் நிற்கிறார். குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகிறது. ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் டெலிபோன். தேவாலயம் தேவாலயமாகப் போன் போட்டு, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்கிறார். தான் குடித்துவிடாமல் இருப்பதற்காக! அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். கால் மணி நேரம் என்று வந்தவர் ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐத்தான் ஏஏ தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது.

என் சித்தப்பாவை முதல் கூட்டத்துக்கு அழைத்துப் போனவன் நான். வழியில் கடைக்குள் நுழைந்துவிடுவார் என்று ஆச்சிக்குப் பயம். அதற்கு முன் கோயிலில் கயிறு கட்டியிருந்தோம், பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தோம், ஆஸ்பத்திரியிலும் சேர்த்திருந்தோம். கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்தில், ஆறாம் வகுப்பு அறை. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் எழுந்து, மகளின் கொலுசை விற்றுக் குடித்ததைச் சொன்னார். யாரும் ச்சே என்று சொல்லவில்லை. இரண்டு பேர் தலையாட்டினார்கள். சித்தப்பா அப்போதுதான் நிமிர்ந்தார்.

திரும்பி வரும்போது ரயில்வே கேட் அடைத்திருந்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். "ஆச்சியோட பித்தளை அண்டாவ நான்தான்டா எடுத்தேன்" என்றார். அந்த அண்டாவுக்காக மூன்று வருடம் வீட்டில் சண்டை. வேலைக்கு வந்த பெண்ணைக்கூடச் சந்தேகப்பட்டு நிறுத்தியிருந்தோம். ஆச்சி அழுது கேட்டும் வராத உண்மை, முன்பின் தெரியாத ஒருவர் தன் கதையைச் சொன்னதும் வந்துவிட்டது. நம்மிடம் அவர்களால் சொல்ல முடியாது, எஸ். நாம் காயப்பட்டவர்கள். சொன்னால் நம் முகம் மாறும். அந்த முகத்துக்குப் பயந்தே மறுபடி குடிப்பார்கள்.

ஆதாரம் வேண்டுமென்றால், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. குடியை அடியோடு விட்டு நிற்பதற்கு, மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட ஏஏ-வோடு முறையாகச் சேர்த்துவிடும் சிகிச்சை கூடுதலாக உதவுகிறது என்று கண்டது. அப்புறம், பில்லின் மனைவி லோயிஸ் 1951-ல் குடும்பத்தாருக்கென்று தொடங்கியது அல்-அனான். உங்கள் ஊரில் அது நடக்கிறதா என்று தம்பியிடமே விசாரியுங்கள். பதினைந்து வருடமோ இருபது வருடமோ, நீங்களும் யாரிடமும் சொல்லாமல் சுமந்திருப்பீர்கள்.

அவன் ஒன்பதரைக்கு வரட்டும். சோற்றைச் சூடாக எடுத்து வையுங்கள். அங்கே என்ன பேசினாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.