மூன்று ஜவ்வும் போய்விட்டதா?

கேள்வி: வயது 52. தையல் வேலை செய்கிறேன். பொங்கல் முடிந்ததிலிருந்து இடுப்பில் தொடங்கி இடது கால் கட்டைவிரல் வரை சுரீர் என்று இழுக்கிறது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'எல்3-எல்4, எல்4-எல்5, எல்5-எஸ்1 டிஸ்க் பல்ஜ், டெசிகேஷன். எல்4-எல்5-ல் இடது நரம்பு வேர் அழுத்தம்' என்று இருக்கிறது. மூன்று ஜவ்வும் போய்விட்டது, ஆபரேஷன்தான் வழி என்கிறார்கள் வீட்டில். உண்மையா டாக்டர்?
- வாசகி, ஈரோடு

பதில்: எதுவும் போய்விடவில்லை அம்மா. 'டெசிகேஷன்' என்றால் ஜவ்வில் ஈரம் வற்றியிருக்கிறது; தலை நரைப்பது போல வயதோடு வருவது. 'பல்ஜ்' என்றால் ஜவ்வு தன் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. அதில் 50 வயதுக்காரர்களில் 100-க்கு 60 பேருக்குப் பல்ஜ் இருந்தது. அதனால் 'மூன்று' என்ற எண்ணிக்கையை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நான் நின்று படித்தது அறிக்கையின் கடைசி வரியைத்தான். எல்4-எல்5, அதாவது இடுப்பின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு பிதுங்கினால் பெரும்பாலும் நசுங்குவது எல்5 நரம்பு. அது காலின் வெளிப்புறமாக இறங்கி, புறங்காலைக் கடந்து கட்டைவிரலுக்குப் போகிறது. உங்கள் வலியும் அதே பாதை, அதே இடது பக்கம். இந்த வலி வலது காலில் இருந்திருந்தால் அந்த வரியை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆபரேஷனா இல்லையா என்பதற்குக் காலின் பலத்தைப் பார்க்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு, முன்பாதத்தைத் தூக்கிக் குதிகாலால் நாலு எட்டு நடந்து பாருங்கள். இடது பாதம் தொங்கினாலோ, கட்டைவிரலை மேலே தூக்க முடியாவிட்டாலோ தள்ளிப்போடாமல் தண்டுவட மருத்துவரைப் பாருங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது, ஃபிலிமும் கொண்டு போங்கள். பலம் சரியாக இருந்தால் மருந்தும் பிசியோதெரபியும்தான் முதல் வழி. இந்தக் கால்வலி பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் தணிந்துவிடும். படுத்தே கிடக்காதீர்கள். மெஷினில் ஒரே மூச்சாக உட்காராமல் அடிக்கடி எழுந்து நடங்கள்.

சிறுநீர் அடைத்துக்கொள்வது, தெரியாமல் கசிவது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, இரண்டு காலும் தளர்வது, இதில் எது வந்தாலும் அவசரம். சொல்லக் கூச்சப்பட்டு, விடியட்டும் என்று காத்திருந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படி இருக்காதீர்கள்; நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.