இலவசமாக வந்த சிப்பாய்

கேள்வி: எங்கள் ஊர் சதுரங்க கிளப் போட்டியில் வெள்ளைக் காய்களுடன் ரூய் லோபஸ் என்னும் தொடக்க முறையை ஆடினேன். எட்டாம் நகர்த்தலில் எதிராளி ஒரு சிப்பாயை டி5 கட்டத்துக்குத் தள்ளி, இ5 சிப்பாயை விட்டுக்கொடுத்தார், எடுத்துக்கொண்டேன். அவருடைய ராணி எச்4-க்கு வந்ததும் எச்3 என்று தடுத்தேன். அடுத்த பத்து நகர்த்தலுக்குள் தோற்றுவிட்டேன். சிப்பாயை எடுத்ததுதான் தவறா?

பதில்: இல்லை. நீங்கள் சந்தித்தது, சிப்பாயைக் கொடுத்து வெள்ளை ராஜாவைத் தாக்கும் மார்ஷல் தாக்குதல். 1918 அக்டோபரில் நியூயார்க்கின் மன்ஹாட்டன் சதுரங்க கிளப் போட்டியில் அமெரிக்க ஆட்டக்காரர் ஃபிராங்க் மார்ஷல் இதை ஆடியபோது, எதிரே அமர்ந்திருந்த, பின்னாளில் உலகச் சாம்பியனான கபாபிளாங்காவும் அந்தச் சிப்பாயை எடுக்கவே செய்தார். வரப்போகும் தாக்குதலின் வழிகளெல்லாம் எதிராளிக்கு முன்பே பழக்கமானவை என்று உணர்ந்தும், அதைத் தமது திறமைக்கு விடப்பட்ட சவாலாகக் கருதி ஏற்றதாகப் பின்னாளில் அவரே எழுதினார். இந்த ஒரு ஆட்டத்துக்காக மார்ஷல் பல ஆண்டுகள் காத்திருந்தார் என்னும் கதையை நான் நம்புவதில்லை. ஆட்டமே போதுமான அளவு வியப்புக்குரியது.

15ஆம் நகர்த்தலில் மார்ஷல் எஃப்2-இல் குதிரையைப் பாய்ச்சினார். அதை ராணியால் வெட்டியிருந்தால், கறுப்பு மந்திரி எச்2-இல் செக் கொடுத்துவிட்டு ஜி3-க்குத் திரும்பி அந்த ராணியையே விரட்டியிருக்கும். கபாபிளாங்கா அவசரப்படாமல் யானையை இ2-க்கு நகர்த்தினார். பிறகு அவருடைய ராஜா எஃப்1, இ2, டி3 வழியாக சி2 வரை நடந்தே தப்பியது. அதுவரையிலும் ஏ1 யானையும் பி1 குதிரையும் வைத்த இடத்திலேயே இருந்தன, 31, 32ஆம் நகர்த்தல்களில்தான் அவை முதன்முறையாகப் புறப்பட்டன. அந்தச் சிப்பாய்க்கு வெள்ளை கொடுக்கும் விலை இந்தத் தாமதம்தான். அதைத் தாங்கி, 36ஆம் நகர்த்தலில் அவர் வென்றார்.

மார்ஷல் அன்று 11ஆம் நகர்த்தலில் குதிரையை எஃப்6-க்குப் பின்வாங்கினார். இன்று கறுப்பு பெரும்பாலும் சி6 என்று ஆடி, குதிரையை டி5-இலேயே நிறுத்துகிறது. அதற்கு டி4, மந்திரி டி6, யானை இ1, ராணி எச்4 என்று ஆட்டம் தொடர்ந்தால், நீங்கள் ஆட வேண்டியது ஜி3. எச்3 ஆடினால் கறுப்பு தன் மந்திரியை அங்கே பலியிட்டு, உங்கள் ராஜாவின் மறைப்பை உடைத்துவிடும்; உங்களுக்கு நேர்ந்ததும் அதுவாகவே இருக்க வேண்டும்.

இந்தத் தற்காப்பு உங்கள் இயல்புக்கு ஒத்துவராவிட்டால், எட்டாம் நகர்த்தலில் சி3-க்குப் பதிலாக ஏ4 ஆடுங்கள். முன்னாள் உலகச் சாம்பியன் காஸ்பரோவே அப்படி ஆடி மார்ஷல் தாக்குதலைத் தவிர்த்திருக்கிறார்.