வாஷிங் மெஷினைத் தொட்டால் ஷாக்: "எர்த்தைச் சேர்த்துவிட்டேன்" என்றால் நம்பாதீர்கள்

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சொந்த வீடு, 2006-ல் கட்டியது. ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொட்டால் 'விர்'ரென்று இழுக்கிறதாம். மாமியார் செருப்புப் போட்டுக்கொண்டு துவைக்கச் சொல்கிறார். வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் இரண்டு வழி சொல்லியிருக்கிறார். புதிதாக எர்த் குழி (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் அனுப்பும் குழி) போட 22,000 ரூபாய். இல்லாவிட்டால் பிளக் பாயின்ட்டிலேயே 'சின்ன வேலை' செய்து 300 ரூபாயில் முடித்துவிடலாம். எதைச் செய்வது என்று கேட்கிறார்.

அம்மா, அந்த 300 ரூபாய் வேலையை மட்டும் செய்ய விடாதீர்கள். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அந்த வேலை என்னவென்று சொல்கிறேன். மூன்று ஓட்டை பிளக் பாயின்ட்டின் பின்பக்கத்தைக் கழற்றினால், மேலே எர்த் திருகும் கீழே நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) திருகும் இருக்கும். விரற்கடை நீளத்துக்கு ஒரு வயர்த் துண்டைச் சீவி இரண்டையும் இணைத்துவிடுவார்கள். ஷாக் உடனே நின்றுவிடும். நீங்களும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்புவீர்கள். பிறகு ஒருநாள் கம்பத்திலோ மீட்டர் போர்டிலோ நியூட்ரல் வயர் விட்டுப்போகும். அந்த நொடியே மெஷினின் தகரத்தில் 230 வோல்ட் வந்து நிற்கும். அதே எர்த் வயரில் சேர்ந்திருக்கிற ஃபிரிட்ஜ், கீசர் எல்லாவற்றிலும் வரும். போன மாதம்கூட ஒரு வீட்டில் இப்படி ஒரு துண்டை நானே பிடுங்கினேன். எர்த்துக்குப் போடுகிற பச்சை வயர்கூட இல்லை, கறுப்பு வயர். அந்த வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள்.

உங்கள் மெஷின் பழுதாக இருக்க வேண்டும் என்றில்லை. நல்ல மெஷினுக்குள்ளும் மின் இரைச்சலை வடிகட்டும் ஒரு ஃபில்டர் இருக்கும். அதிலிருந்து மிகச் சிறிய மின்சாரம் தகரத்துக்கு வரும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் உங்கள் கைவழியாகப் போகும். அதனால் குழி தோண்டுவதற்கு முன், இருக்கிற எர்த் எங்கே விட்டிருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். பெரும்பாலும் மண்ணில் புதைத்த எர்த் குழாயில் வயரைப் பிடிக்கும் கிளாம்ப் துருப்பிடித்து உதிர்ந்திருக்கும். அதைச் சரிசெய்ய 22,000 ஆகாது.

எம்.சி.பி. (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானே விழும் சுவிட்ச்) இருக்கிறதே என்பீர்கள். அது வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஃபேஸ் வயரே (மின்சாரம் வரும் வயர்) தகரத்தில் பட்டாலும், மண்வழித் தடை 10 ஓம் என்றால் 23 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு உடனே விழாது, பல நிமிஷம் எடுக்கும். ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்ற கசிவுச் சுவிட்ச். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டாலே 0.3 விநாடிக்குள் துண்டித்துவிடும். வீடுகளுக்கு இந்த 30 என்ற அளவு மத்திய மின்சார ஆணைய விதிகளிலேயே இருக்கிறது. அதைப் போட்டிருக்கிறார்களா என்று யார் வந்து பார்த்தார்கள்? வீட்டு வாசலையே மிதிக்காமல் எர்த் அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிற இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். மின்வாரியத்தில் அந்தத் தாளை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டு இணைப்பும் கொடுத்துவிடுகிறார்கள். எத்தனை வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இதையும் கவனியுங்கள், ஏனென்றால் இங்கேதான் ஆர்.சி.சி.பி.யைப் பிடுங்கி எறிகிறார்கள். இன்வெர்ட்டரில் ஓடும் லைட், ஃபேனின் நியூட்ரலை மற்ற நியூட்ரலோடு கலந்து கட்டியிருந்தால், போகிற கணக்கும் வருகிற கணக்கும் ஒத்துவராது, ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழும். 'இது இன்வெர்ட்டருக்கு ஆகாது சார்' என்று நேரடியாக வயர் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆகாது என்பது பொய். இன்வெர்ட்டர் லைனுக்கு நியூட்ரலைத் தனியாகப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். கரண்ட் போனபின் இன்வெர்ட்டரிலிருந்து வருவதை மெயின் ஆர்.சி.சி.பி. பார்க்காது. அதனால் இன்வெர்ட்டர் வெளிவரும் இடத்தில் இன்னொன்று வேண்டும். பிரிப்பது அரைநாள் வேலை என்பதால்தான் தட்டிக்கழிக்கிறார்கள்.

ஆர்.சி.சி.பி.யில் உள்ள 'டி' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். விழுந்தால் எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. எர்த்தைத் தனியாக அளக்க வேண்டும்.

வயர்மேன் சான்றிதழ் உள்ளவரைக் கூப்பிடுங்கள். பிளக் பாயின்ட் மூடியைத் திருகுவதற்கு முன் மீட்டரை வைத்து உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230-ஐ ஒட்டி வர வேண்டும். வீட்டில் லோடு ஓடும்போதும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சுத்தமாகப் பூஜ்யம் காட்டினால், ஏற்கெனவே யாரோ அந்தத் துண்டு வயரைப் போட்டிருக்கலாம். உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.

அதுவரை மெஷினின் பிளக்கைப் பிடுங்கியே வையுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. உங்கள் வீட்டில் அந்தச் சுவிட்சை ஃபேஸில் போட்டார்களா, நியூட்ரலில் போட்டார்களா என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை.