உளுவையின் வயிற்றில் இருக்கும் கிண்ணம்

கேள்வி: கெடிலம் கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே என் மகன் தூண்டிலில் விரல் நீள மீன் ஒன்றைப் பிடித்து வந்தான். விரால் குஞ்சு என்று நான் நினைத்தேன். என் மாமியார் உளுவை என்கிறார். வாளியில் விட்டால் நீந்தாமல் அடியிலேயே கிடக்கிறது. வயிற்றுப் பக்கம் சிறு கிண்ணம் போல ஒன்று தெரிகிறது. அது நோயா?
— வாசகி, கடலூர்

பதில்: தங்கள் மாமியார் சொன்னதுதான் சரி, அது நோயும் அன்று. விராலுக்கு முதுகில் ஒரே நீளத் துடுப்புதான் உண்டு. உளுவைக்கோ முன்னும் பின்னுமாக இரண்டு துடுப்புகள். விரால் அவ்வப்போது மேலே வந்து காற்றை உறிஞ்சிச் செல்லும். உளுவைக்கு அந்த வழக்கம் இல்லை. மீனைப் பக்கவாட்டில் பாருங்கள்: மங்கிய மண் நிற உடலில் ஐந்தாறு கரும்புள்ளிகள் வரிசையாக இருக்கும், கீழ்த்தாடை மேல்தாடையைவிடச் சற்று நீண்டிருக்கும்.

தாங்கள் கவனித்த கிண்ணம்தான் இந்த மீனின் சிறப்பு. பிற மீன்களில் இடமும் வலமுமாகத் தனித்தனியே இருக்கும் இடுப்புத் துடுப்புகள் இரண்டும் உளுவைக் குடும்பத்து மீன்கள் பெரும்பாலானவற்றில் ஒன்றாக இணைந்து குழிந்த வட்டாக மாறியிருப்பதால், ஓதம் ஏறி இறங்கும் முகத்துவாரத்தில் நீர் எவ்வளவு இழுத்தாலும் அவை கல்லையோ தரையையோ பற்றிக்கொண்டு நிற்க முடிகிறது. மீன்களை நீரில் மிதக்க வைக்கும் காற்றுப்பை இக்குடும்பத்தில் பலவற்றுக்கு இல்லை, அல்லது மிகவும் சிறுத்திருக்கும். ஆகவே நீந்துவதை நிறுத்தியதும் தரையில் அமர்ந்துவிடுவது இவற்றின் இயல்பு. வாளியில் கிடப்பதைப் பார்த்துச் சாகப் போகிறதென்று கலங்க வேண்டாம்.

உளுவை சோம்பேறி என்று எண்ணிவிடவும் கூடாது. சேற்றின் நிறத்தோடு நிறமாகக் கிடந்து, அருகில் வரும் இறாலையும் சிறு மீனையும் ஒரே பாய்ச்சலில் கவ்விவிடும். தன் இனத்துக் குஞ்சையும் விடாது. 1822-இல் கங்கை மீன்களைப் பற்றி எழுதிய ஃபிரான்சிஸ் ஹாமில்டன்தான் இதை முதலில் அறிவியல் முறையில் விவரித்தார். இன்றைய அறிவியல் பெயர் குளோசோகோபியஸ் கியூரிஸ். 'குளோசோ' என்பது நாக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்; இதன் நாக்கு நுனியில் பிளவுபட்டிருக்கும். ஏரியின் நன்னீரிலும் கழியின் உப்புநீரிலும் வாழக்கூடியது என்பதால், நம் மாவட்டத்து ஏரிக்கரைக்காரர்களுக்கும் முகத்துவாரத்துக்காரர்களுக்கும் இது ஒருசேரப் பழக்கமான மீன்.

இக்குடும்பத்து மீன்கள் பொதுவாகக் கல்லுக்கும் சிப்பிக்கும் அடியில் முட்டைகளை ஒட்டவைக்கும். ஆண் மீன் அங்கேயே இருந்து காவல் காக்கும். ஆகவே தங்கள் மகன் ஆற்றோரத்தில் கல்லைப் புரட்டிப் பார்த்தால், பார்த்த பின் அதை முன்பு இருந்த வாக்கிலேயே மெல்ல வைத்துவிடச் சொல்லுங்கள்.